பாயும் தறியும் தரும் கற்பனை



சித்திரம் வரைந்து வாழ்பவர்கள் நம் நாட்டில் இன்று பெருகியிருக்கின்றனர். எனினும் அவர்களைச் சித்திரக்காரர் என்று நாம் அழைப்பதில்லை. அச்சகத்திற் கணினியின் முன்னமர்ந்து கலியாண அழைப்பிதழ் அமைப்பவர், கடைக்குப் பெயர்ப்பலகை வகுப்பவர், நூலுக்கு அட்டைப்படம் தீட்டுபவர், பாடப் புத்தகத்துக்கு விளக்கப்படம் வரைபவர், அரிசி மூட்டைக்கும் தயிர்ச் சட்டிக்கும் முத்திரை ஆக்குபவர் ஆகிய யாவரும் கோட்டையும் வண்ணத்தையும் எழுத்தையும் கொண்டு தொழில் செய்பவர்களே. இத்தொழிலுக்கு வரைகலை என்று பெயர் வழங்குகின்றது.

இவர்களுள் ஒருவரை அணுகி, உங்கள் தொழிலில் மிகக் கடினமானது யாதென வினவினால், கருவி என்று சொல்லமாட்டார். கூலி என்றுகூட முதலிற் சொல்லமாட்டார். எண்ணம் எழாமையே பெருந்துன்பம் என்பார். நாளைக் காலையில் வேலையைக் கொடுத்தாக வேண்டும். திரையோ வெறுமையாக இருக்கின்றது. கை காத்திருக்கின்றது, மனம் வாளாவிருக்கின்றது. அப்பொழுது அவர் செய்வது யாது? தொலைபேசியைத் திறந்து, உலகின் வேறொரு மூலையில் வேறொருவர் வேறொரு தேவைக்காகச் செய்த படங்களைப் புரட்டுகின்றார். பத்து நிமிடத்தில் நூறு படங்கள் கண்முன் ஓடிவிடுகின்றன. அவற்றுள் ஒன்று, சிறிது நிறம் மாறி, நம் ஊர்ப் பெயரைத் தாங்கிக்கொண்டு மறுநாள் அச்சேறிவிடுகின்றது.

இதன் விளைவைக் காண வெகுதூரம் செல்லவேண்டியதில்லை. கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று வரை நீண்டு கிடக்கும் நம் கரையோர ஊர்களிற் கைக்கு வரும் நோன்புப் பெருநாள் வாழ்த்து அட்டைகளை எடுத்துப் பாருங்கள். மணற்குன்றுகள், அவற்றின்மேல் வரிசையாகச் செல்லும் ஒட்டகங்கள், ஈச்சமரம், எந்நாட்டதென்று தெரியாத ஒரு தொங்குவிளக்கு. இவை தத்தம் நாட்டில் அழகும் பொருளும் உடையவைதாம், ஐயமில்லை. ஆயினும் அவ்வட்டையைப் பெறுபவர் கரைவலை இழுத்து வந்தவராகவோ, வயலிற் களை பிடுங்கி வந்தவராகவோ இருக்கின்றார். ஒட்டகத்தைப் படத்திலன்றி அவர் கண்டதில்லை.

பெருநாட் பிறையையே எடுத்துக்கொள்ளுங்கள். நம் கரைக்குக் கடல் கிழக்கே உள்ளது. ஆகவே தலைப்பிறை இங்கே கடலின்மேல் தோன்றுவதில்லை, மணல்மேட்டின்மேலும் தோன்றுவதில்லை. ஞாயிறு சாய்ந்த பின்னர் மேற்கே, வயல்வெளிக்கு மேலாக, தென்னங்கீற்றுக்களின் இடையே அது தோன்றுகின்றது. ஊரார் கடலுக்கு முதுகு காட்டி நின்று அண்ணாந்து அதனைத் தேடுகின்றனர். எத்துணை அழகிய சித்திரம்! பட்டிப்பளையாற்றின் நீர் பாயும் பசிய வயல், கறுத்துவரும் தென்னை வரிசை, அவற்றின் மேலே மெல்லிய ஒரு வெண்கோடு. இதனை ஆண்டுதோறும் கண்ணாற் காணும் நாம், தாளில் வரையும்பொழுது ஒட்டகத்தைத் தேடுவானேன்?

கற்பனை எங்கிருந்து வருகின்றது என்னும் வினாவையே இன்று உங்கள் முன் வைக்க விழைகின்றேன். அது வானத்திலிருந்து எதிர்பாராது பொழியும் மழை என்று பலர் எண்ணுகின்றனர். மழையாயின் காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. ஆனால் வள்ளுவர் கல்விக்குச் சொன்ன மணற்கேணி உவமையே கற்பனைக்கும் பொருந்துமென்பது என் கருத்து. நம் கரையோர மக்களுக்கு மணற்கேணியை விளக்கவேண்டியதில்லை. கடலுக்கு மிக அண்மையிலும் மணலைத் தோண்டினால் நன்னீர் ஊறுகின்றது. தோண்டுபவனுக்கே நீர், தோண்டுமிடமும் தன் காலடியே. நம் காலடியில் அத்தகைய ஊற்றுக்கள் சில உள்ளன. அவற்றுள் முதன்மையானவை இரண்டு: ஒன்று பன்பாய், மற்றொன்று கைத்தறி.

முதலிற் பாயைப் பார்ப்போம்.

நீர் தேங்கும் தாழ்நிலங்களில் வளரும் பன் என்னும் புல்லை வெட்டி, வெயிலில் உலர்த்தி, ஒரு பகுதியைச் சாயம் இட்ட கொதிநீரில் தோய்த்தெடுத்து, தரையிற் பரப்பிக் கையாலேயே இழைப்பது நம் கீழ்க்கரை வழக்கம். இதனைச் செய்பவர்கள் பெண்கள். அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று முதலிய ஊர்களில் முஸ்லிம் பெண்கள் தாயிடமிருந்து மகளாகக் கற்று வந்த கலை இது. இவ்வேலைக்குத் தறி இல்லை, அளவுகோல் இல்லை, முன்னே வைத்துப் பார்க்கும் படமும் இல்லை. எண்ணிக்கை ஒன்றே உண்டு. ஒரு பன் மற்றொன்றின் மேலே செல்லவேண்டும், அல்லது கீழே செல்லவேண்டும். மூன்றாவது வழி கிடையாது.

நேயர்களே, இவ்விடத்திற் சற்று நின்று சிந்தியுங்கள். மேல், கீழ் என்னும் இரண்டே நிலைகளைக் கொண்டு அப்பெண் பூவை ஆக்குகின்றாள், விண்மீனை ஆக்குகின்றாள், கோபுரம்போல் அடுக்கடுக்காக உயரும் கரையை ஆக்குகின்றாள். வளைகோடு அவளுக்குக் கிட்டாது. ஆதலால் பூவின் வளைவைப் படிக்கட்டாக மாற்றுகின்றாள். எதனை விடவேண்டும், எதனை விட்டால் அது பூவாகாது போய்விடும் என்று துணிகின்றாள். வரைகலையின் உயிர்நாடி இத்துணிவே. உள்ளதையெல்லாம் வரைபவன் வரைகலைஞன் ஆகான். விடவேண்டியதை விட்டவனே ஆவான்.

இது பழங்காலத்து வீட்டுத்தொழில், இதற்கும் கணினிக்கும் என்ன தொடர்பு என்று இளைஞர் கேட்கக்கூடும். தொடர்பு மிக நெருங்கியது. 1984ஆம் ஆண்டு ஜனவரியில் அமெரிக்காவின் ஆப்பிள் நிறுவனம் மக்கின்டோஷ் என்னும் கணினியை வெளியிட்டது. அதன் திரையில், சொற்களுக்குப் பதிலாகச் சிறு சிறு படங்கள் தோன்றின. குப்பைக்கூடை, கைக்கடிகாரம், புன்னகை செய்யும் கணினியின் முகம் ஆகிய இவற்றை வரைந்தவர் சூசன் கேர் என்னும் பெண்மணி. ஒரு படத்துக்கு அவருக்குக் கிடைத்த இடம் நெடுக்கே 32 கட்டம், குறுக்கே 32 கட்டம். ஆக 1024 கட்டங்கள். ஒவ்வொரு கட்டமும் கறுப்பாக இருக்கலாம், அல்லது வெள்ளையாக இருக்கலாம். மூன்றாவது வழி அவருக்கும் இல்லை. அவர் தொடக்கத்தில் கட்டமிட்ட தாளிலேயே அவற்றை வரைந்தார். சிறு கல் பதித்துச் சித்திரம் ஆக்கும் வேலையிலும் ஊசிநூல் வேலையிலும் தமக்கு முன்பிருந்த பழக்கமே கைகொடுத்தது என்று அவர் பின்னர் கூறியிருக்கின்றார்.

அக்கணினியின் ஒரு விசைக்குக் குறி தேவைப்பட்டபோது, குறியீட்டு அகராதி ஒன்றைப் புரட்டி, சுவீடன் நாட்டிற் பார்க்கத்தக்க இடங்களைச் சுட்டும் குறியொன்றை அவர் தேர்ந்தார். நான்கு மூலையிலும் கண்ணிவைத்த சதுரம் போன்ற அக்குறி இன்றும் அவ்விசையில் இருக்கின்றது. எனவே அவரும் பிறர் செய்தவற்றைப் பார்த்தவரே. பார்ப்பது குற்றமன்று. ஆனால் ஒரு கட்டத்தின் இடர் இன்னதென்று தம் கைகளால் அறிந்த பின்னரே அவர் பார்த்தார். அதனால் எதை எடுக்கலாம், எதை எடுக்கலாகாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. தன் வீட்டுத் திண்ணையிற் பாட்டி இழைத்த பாயை எண்ணிப் பார்த்த ஒரு கல்முனைப் பெண்பிள்ளைக்கு, அந்த 1024 கட்டங்கள் அந்நியமாகத் தோன்றா.

பாய் எழுத்தையும் ஏற்கும். கடலுக்கு அப்பால், திருநெல்வேலிச் சீமையிலுள்ள பத்தமடை கோரைப்பாய்க்குப் பேர்போன ஊர். அங்கும் இக்கலையைப் பேணியவர்களுட் பெரும்பாலோர் முஸ்லிம்களே. மணமக்களின் பெயரைக் கலியாணப் பாயில் இழைத்துக் கொடுப்பது அவ்வூர் வழக்கம். தமிழ் எழுத்துக்களோ சுழிகளும் வளைவுகளும் நிறைந்தவை. அவற்றைக் கோரையின் நேர்கோட்டில் அடக்குவதெனின், ஒவ்வோர் எழுத்துக்கும் இன்றியமையாத உறுப்பு எது என்று கண்டறிந்தாக வேண்டும். சிறு திரையில் தெளிவாகத் தெரியத்தக்க தமிழ் எழுத்தை அமைக்க முயலும் இன்றைய வல்லுநருக்கும் அதே பிரச்சினைதான்.

இனித் தறிக்கு வருவோம். கல்முனைக்கு வடக்கே, பெரியநீலாவணையை அடுத்துள்ள மருதமுனை, கைத்தறிக்குப் புகழ்பெற்ற ஊர். அவ்வூர்ச் சாரன்களும் சேலைகளும் இலங்கையெங்கும் சென்றிருக்கின்றன. புலவர்மணி ஆ. மு. ஷரிபுத்தீன் போன்ற தமிழறிஞர் பிறந்த ஊரும் அதுவே. நூலுக்கும் நூலுக்கும் பெயர்பெற்ற ஊர் என்று அதனைச் சொல்லலாம். ஒன்று படிக்கும் நூல், மற்றொன்று நெய்யும் நூல்.

கட்டம் போட்ட சாரனை நம்மவர் நாள்தோறும் உடுக்கின்றனர். அதனை உற்று நோக்கியவர் எத்தனை பேர்? நெசவிற் பாவு என்பது நெடுக்கே செல்லும் நூல். ஊடை என்பது குறுக்கே செல்லும் நூல். பாவிற் பாதி சிவப்பு, பாதி வெள்ளை என்று பட்டை பட்டையாக வைத்துக்கொள்வோம். ஊடையிலும் அவ்வாறே. நெய்து முடித்தபின் துணியைப் பாருங்கள். சிவப்பும் சிவப்பும் சந்திக்கும் இடம் முழுச்சிவப்பு. வெள்ளையும் வெள்ளையும் சந்திக்கும் இடம் தூயவெள்ளை. சிவப்பும் வெள்ளையும் சந்திக்கும் இடம் இளஞ்சிவப்பு. கணக்கிட்டால், துணியிற் காற்பங்கு சிவப்பு, காற்பங்கு வெள்ளை, எஞ்சிய அரைப்பங்கு இளஞ்சிவப்பு. அந்த இளஞ்சிவப்பு நூலை யாரும் சாயத்தில் தோய்க்கவில்லை. நெசவாளி அதனை விலைகொடுத்து வாங்கவுமில்லை. இரண்டு நிறத்திலிருந்து மூன்றாவது நிறத்தைக் கண்ணே கலந்து ஆக்கிக்கொண்டது.

அச்சுக்கூடத்தின் இரகசியமும் இதுவேயன்றோ? நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு ஆகிய நான்கு மைகளைக் கொண்டு ஆயிரம் நிறங்களைக் காட்டுகின்றனர். உருப்பெருக்குக் கண்ணாடியால் நோக்கினால், தாளில் இருப்பவை நுண்ணிய புள்ளிகள் மாத்திரமே. நிறத்தை முடிப்பது பார்ப்பவரின் கண். சாரனின் கட்டத்தை விளங்கிக்கொண்டவர், குறைந்த மையில் நிறைந்த வண்ணத்தைக் காட்டும் வழியை எளிதில் விளங்கிக்கொள்வர்.

அச்சாரனின் பெயரிலும் ஒரு வரலாறு மறைந்திருக்கின்றது. பளையகாட் என்று கடைகளில் வழங்கும் கட்டச் சாரனின் பெயர், தமிழகத்துக் கடற்கரை ஊராகிய பழவேற்காட்டின் பெயர் திரிந்து வந்தது. சோழமண்டலக் கரையில் நெய்த கட்டத்துணி ஒருபுறம் தென்கிழக்காசியாவுக்கும் மறுபுறம் மேற்கு ஆபிரிக்காவுக்கும் கப்பலேறியது. கடல்வழி வந்த வடிவத்தை ஏற்பது நம் கரைக்குப் புதிதன்று. நாம் அதனை அவ்வாறே ஒட்டிவைக்காமல், நம் நூலில், நம் நிறத்தில், நம் கையால் மீண்டும் நெய்துகொண்டோம். பிறரிடமிருந்து பெறுவதற்கும் பிறரைப் பிரதிசெய்வதற்கும் உள்ள வேறுபாடு இதுவே.

இலங்கையின் கைத்தறியிற் புதுநிறம் புகுத்திய பார்பரா சன்சோனி அம்மையாரை, 1928இற் பிறந்து 2022இல் மறைந்த அவரை, இங்கே நினைவுகூரலாம். கன்னியர் மடத்தைச் சேர்ந்த சகோதரிகள் நடத்திய நெசவு நிலையங்களிற் பெண்கள் நெய்யும் துணிக்கு வடிவம் வகுத்துத் தருமாறு அவர் வேண்டப்பட்டார். அவர் வெளிநாட்டு மாதிரிகளை நாடவில்லை. இந்நாட்டின் இலையையும் பறவையையும் கடலையும் நோக்கினார். அவற்றின் உருவத்தைத் துணியில் வரையவுமில்லை. நிறங்கள் எந்த அளவில், எந்த வரிசையில் ஒன்றையொன்று அடுத்து நிற்கின்றன என்பதை மாத்திரம் எடுத்துக்கொண்டு, நேர்ப்பட்டைகளாக மாற்றினார். பறவை மறைந்தது, பறவையின் நிறக்கணக்கு நின்றது.

இந்நுட்பத்தை நம் கரைக்கும் பொருத்திப் பார்ப்போம். கடலைப் பற்றிய கவிதைநூல் ஒன்றுக்கு அட்டை வேண்டும் என்று ஒருவர் வருகின்றார் என வைத்துக்கொள்வோம். அலையின் புகைப்படத்தை எடுத்து ஒட்டுவது ஒரு வழி. மற்றொரு வழியும் உண்டு. வைகறையிற் கரைவலைத் தோணி புறப்படும் வேளையிற் கரையில் நின்று நோக்குக. மேலே வெளிறிய வானப்பட்டை. அதன் கீழே கடுநீலப் பட்டை. அதன் கீழே வெண்ணுரைக் கோடு. அதன் கீழே ஈரமணலின் கபிலப் பட்டை. இந்நான்கின் அகலங்களையும் தாளிற் குறித்துக்கொண்டு, அவற்றையே நெசவுக்கரைபோல் அட்டையில் அமைத்தால், அலை இல்லாமலே கடல் வந்துவிடும். இக்கரையிற் பிறந்தவர் ஒருநோக்கில் அதனை இனங்காண்பர். பிறரோ அதனை வேறெங்கும் கண்டிரார்.

பாயும் தறியும் தவிர, எழுத்தும் கொடியும்கூட நம் கரையிற் கண்ணுக்குப் பள்ளிக்கூடங்களே. கல்முனைக்குடியின் கடற்கரைப் பள்ளிவாசலில் நாகூர் ஆண்டகை நினைவாக ஆண்டுதோறும் கொடியேற்றம் நிகழ்கின்றது. கொடியென்பது யாது? தொலைவிலிருந்து தெரியவேண்டும், காற்றிற் சுருண்டாலும் அடையாளம் மாறலாகாது, எழுத்தறியாதவருக்கும் விளங்கவேண்டும். ஒரு நிறுவனத்துக்குச் சின்னம் வகுப்பவர் கற்கவேண்டிய இலக்கணம் முழுவதும் இதில் அடங்கிவிடுகின்றது.

எழுத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் முன்னோர் தமிழை அறபு எழுத்தில் எழுதி, அதனை அறபுத்தமிழ் என்று வழங்கினர். அறபில் இல்லாத தமிழ் ஒலிகளுக்காக, இருந்த எழுத்துக்களிலே புள்ளியும் குறியும் சேர்த்துப் புதிய எழுத்துக்களை ஆக்கிக்கொண்டனர். அந்நூல்கள் பல கல்லச்சில் வந்தவை. ஈய எழுத்தைக் கோத்து அச்சிடும் முறையில் ஒருவரது கையெழுத்தின் ஓட்டம் மறைந்துவிடும். கல்லச்சில் அது அவ்வாறே தாளில் இறங்கும். இருமொழிகளின் இடையே ஓர் எழுத்தை வகுத்த மக்கள், வடிவமைப்பு நமக்குப் புதிது என்று எண்ணிக் கூசவேண்டியதில்லை.

அண்மைக்காலத்து எடுத்துக்காட்டும் உண்டு. 1969ஆம் ஆண்டிற் கல்முனையிலிருந்து 'கவிஞன்' என்னும் கவிதைச் சஞ்சிகை வெளிவரலாயிற்று. அதனைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவர் கல்முனையிற் பிறந்த கவிஞரும் மொழியியலறிஞருமான எம். ஏ. நுஃமான். ஈய எழுத்துக் காலத்துச் சிறுசஞ்சிகைகளின் நிலையை எண்ணிப் பாருங்கள். படம் வேண்டுமாயின் தனியே புளொக் செய்விக்கவேண்டும். அதற்குப் பணம் வேண்டும். இரண்டாவது நிறம் வேண்டுமாயின் தாளை மீண்டுமொருமுறை பொறியில் ஓட்டவேண்டும். அதற்கும் பணம் வேண்டும். ஆகவே எழுத்தையும் வெற்றிடத்தையும் கொண்டே அழகு செய்யவேண்டிய நிலை அக்காலத்து வெளியீட்டாளருக்கு இருந்தது. தமிழகத்தில், 1938 முதல் 2008 வரை வாழ்ந்த ஓவியர் கே. எம். ஆதிமூலம், தூரிகையால் எழுதிய தமிழ் எழுத்தையே சித்திரமாக்கி நூலட்டைக்கும் சஞ்சிகைத் தலைப்புக்கும் புதுமுகம் தந்தார். குறைவு என்பது கற்பனைக்குப் பகையன்று. பல வேளைகளில் அதுவே செவிலித்தாய்.

நிற்க. இவ்வளவும் கேட்டபின், பாயின் பூக்கோலத்தைப் படமெடுத்து, அழைப்பிதழிலும் பெயர்ப்பலகையிலும் பொதியுறையிலும் ஒட்டிவிட்டாற் போதுமே என்று ஒருவர் எண்ணக்கூடும். அங்ஙனம் செய்தால் ஒட்டகம் இருந்த இடத்திற் பாய் வந்து உட்கார்ந்ததே மிச்சம். ஒருவர் கைவண்ணத்தை மற்றொருவர் பொருளின்றி அணிந்துகொள்வது ஊற்றைத் தோண்டுவதாகாது. அயலாரின் குடத்திலிருந்து ஊற்றிக்கொள்வதாகும். பாயிலிருந்து நாம் பெறவேண்டியது அதன் பூவையன்று, அப்பூ எவ்வாறு ஆயிற்று என்னும் முறையையே.

நம் நாட்டு நாணயத்தாளிலேயே இதற்குச் சான்று காணலாம். 1979ஆம் ஆண்டு வெளியிடப்பட்ட தாள்களுக்கு வடிவம் வகுத்தவர், 1937இற் பிறந்து 2021இற் காலமான ஓவியர் லக்கி சேனநாயக்க. அவர் தலைவர்களின் உருவங்களை விடுத்து, இலங்கைத் தீவின் மீனையும் வண்ணத்துப்பூச்சியையும் ஓணானையும் பறவையையும் மரத்தையும் அத்தாள்களில் நிறுத்தினார். காட்டிலும் நீர்நிலையிலும் உற்று நோக்கிய ஒரு கண், நாட்டுமக்கள் யாவரின் சட்டைப்பைக்குள்ளும் இடம்பெற்றது.

ஆயினும் இவ்வூற்றுக்கள் என்றும் வற்றாமல் இருக்குமா? இங்கேதான் என் கவலை. 1977ஆம் ஆண்டின் பின்னர் இறக்குமதிக்குக் கதவு திறந்துவிடப்பட்டபோது, பொறித்தறித் துணி மலிந்து, நாடெங்கும் கைத்தறிகள் ஓய்ந்தன. மருதமுனையும் அவ்வடியைத் தாங்கியது. பிளாஸ்டிக் பாய் சந்தைக்கு வந்தபின் பன்பாயைத் தேடுபவர் குறைந்தனர். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் காலையில் வந்த ஆழிப்பேரலை, இலங்கையின் வேறெந்த மாவட்டத்திலும் பார்க்கக் கூடிய உயிர்களை அம்பாறை மாவட்டத்திலேயே கொண்டுசென்றது. இம்மாவட்டத்தில் மாத்திரம் இறந்தவர்கள் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர். கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மருதமுனை ஆகிய ஊர்களின் கரையோர வீடுகள் அழிந்தன. அவ்வீடுகளோடு தறிகளும் போயின. இழைக்கத் தெரிந்த கைகளும் போயின.

பாயின் வடிவம் எந்த ஏட்டிலும் எழுதிவைக்கப்பட்டதன்று. அது விரலிலும் நினைவிலும் வாழ்வது. ஒரு மூதாட்டி மறையும்பொழுது, அவர் மாத்திரம் அறிந்த ஓர் எண்ணிக்கையும் அவருடன் மறைகின்றது. பின்னர் வரும் சித்திரக்காரருக்கு அப்படி ஒன்று இருந்ததென்பதுகூடத் தெரியாது. இல்லாததை எண்ணி எவரும் ஏங்குவதில்லை. அதனாலேயே இவ்விழப்பு ஓசையின்றி நிகழ்கின்றது.

பதிவு செய்வது எத்துணைப் பெரிய பணி என்பதற்குக் கலாயோகி ஆனந்த குமாரசுவாமி சான்றாக விளங்குகின்றார். 1877இற் கொழும்பிற் பிறந்த அவர், நிலவியல் ஆய்வுக்காக இந்நாட்டு ஊர்களிற் சுற்றியபொழுது, கைவினைஞர்களின் தொழில் நலிந்துவருவதைக் கண்டார். கண்டிச் சீமையின் கைவினைகளை நுணுகி ஆராய்ந்து, மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய பெருநூலை எழுதினார். இங்கிலாந்திலே, ஆங்கிலக் கவிஞரும் வடிவமைப்பாளருமான வில்லியம் மொறிஸ் பயன்படுத்திய அதே அச்சுப்பொறியில், தம் மேற்பார்வையில் அதனை அச்சிடுவித்தார். 1907 செப்டெம்பரிற் தொடங்கிய அச்சுவேலை 1908 டிசம்பரில் முடிந்தது. அச்சிட்ட பிரதிகள் 425 மாத்திரமே. ஆனால் அந்தச் சில பிரதிகளிலிருந்து எத்தனை ஓவியர்களும் நெசவாளரும் கட்டடக் கலைஞரும் பயன்பெற்றனர் என்று கணக்கிடமுடியாது. அத்தகைய பதிவேடு நம் கரைக்கும் வேண்டும். ஒலுவிலில் 1990களில் எழுந்த தென்கிழக்குப் பல்கலைக்கழகம் அப்பணிக்கு நல்ல நிலைக்களனாகும். ஆயினும் பல்கலைக்கழகத்துக்காகக் காத்திருக்கவேண்டியதில்லை. அச்சகத்தில் வேலை செய்யும் ஓர் இளைஞரும் ஒரு கட்டமிட்ட பயிற்சிக் கொப்பியும் இதற்குப் போதும்.

எவ்வாறு எனின், கூறுகின்றேன். வீட்டிலுள்ள பழம்பாய் ஒன்றை விரியுங்கள். அதன் ஒரு மூலையை எடுத்து, பன் பன்னாக எண்ணி, கட்டத்தாளில் நிரப்புங்கள். அரைமணி நேரத்துக்குள், எங்கே எண்ணிக்கை மாறுகின்றது, எதற்காக மாறுகின்றது என்பது புலனாகும். அடுத்தநாள் அதே முறையில், பாயில் இல்லாத ஒன்றை, உங்கள் ஊர்த் தோணியையோ கிணற்றையோ அமைத்துப் பாருங்கள். இரண்டு நிறங்களுக்கு மேற் கொள்ளாதீர்கள். புதிய வேலை ஒன்று வரும்போது, தொலைபேசியைத் திறப்பதன்முன் உங்கள் கையாற் பத்துச் சிறு வரைவுகளையாவது வரைந்துவிடுங்கள். பின்னர் பிறர் செய்தவற்றைப் பாருங்கள். அப்பொழுது அவை உங்களை ஆளா, உங்களுக்குத் துணைசெய்யும்.

வாடிக்கையாளர் ஒட்டகத்தைத்தானே கேட்கின்றார் என்று முறையிடுபவர்களும் இருக்கின்றனர். உண்மை. வயிற்றுப்பாட்டை நான் மறுக்கவில்லை. ஆனால் அவர் கேட்பது தாம் முன்னர் கண்ட ஒன்றையே. காணாததை எவ்வாறு கேட்பார்? அவர் கேட்டதைச் செய்து வையுங்கள். அதனருகே வயல்மேற் பிறையையும் வரைந்து வையுங்கள். பத்துப் பேரில் ஒருவர் அதனைத் தேர்ந்தாலும், மறுஆண்டு அதனைக் கண்டு கேட்பவர் இன்னும் சிலர் உண்டாவர். மக்களின் சுவை ஒரே நாளில் மாறாது, ஆயினும் மாறும்.

இன்னுமொன்று. பாய் இழைப்பவரிடம் கற்கச் செல்பவர், அவருடைய சொற்களையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கரைக்கு அவர் சொல்லும் பெயர் யாது, பின்னலுக்கு வழங்கும் பெயர் யாது, யாரிடம் கற்றார் என்பவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். அவர் விரும்பினால் அவர் பெயரையும் உங்கள் வேலையிற் குறிப்பிடுங்கள். பாயை உரிய விலைகொடுத்து வாங்குங்கள். நுண்ணிய பாய் ஒன்றுக்குப் பல நாட்களின் உழைப்புத் தேவை. அவ்வுழைப்புக்கு ஊதியம் இல்லையாயின், அடுத்த பாயை அவர் இழைக்கமாட்டார். அவர் மகள் அதனைக் கற்கவும்மாட்டாள். கேணியில் நீர் அள்ளுபவருக்கு அதனைத் தூர்வாரும் கடமையும் உண்டு.

இத்தொழிலில் இறங்கும் இளைஞருக்கு நான் சொல்லவிரும்புவது இதுவே. உலகத்தைப் பார்க்க வேண்டாம் என்று நான் கூறவில்லை. பார்ப்பதற்கு நிற்குமிடம் ஒன்று வேண்டும் என்றே கூறுகின்றேன். பாயின் எண்ணிக்கையை அறிந்தவர் எந்தத் திரையின் கட்டத்துக்கும் அஞ்சார். தறியின் நிறக்கணக்கை அறிந்தவர் எந்த அச்சகத்திலும் திகையார். அடுத்த பெருநாளின் தலைப்பிறையைத் தேடி ஊரார் மேற்கு நோக்கி நிற்கும் வேளையில், இக்கரையில் எவரேனும் ஒருவர் கையிற் பென்சிலும் தாளும் இருக்குமாயின், இச்சிறு பேச்சு பயனுடையதாயிற்று என்று மகிழ்வேன்.